கால்நாட்டும் கணக்குப் பரீட்சையும்

மட்டாஞ்சேரி
12-11-1978

அன்புள்ள ஆவுடை அக்காவுக்கு,

பேச்சி எழுதுகிறேன். எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வாள். முட்டி வலி, முதுகு வலி எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள். எனக்கு மஞ்சள் காமாலை முழுக்க இறங்கிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து அரைத்து ஊற்றியதில், இப்போது முருங்கைக்கீரையைப் பார்த்தாலே குமட்டுகிறது. என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதே. ஸ்கூலில் நாள் முழுக்க மலையாளம் எழுதிவிட்டு, நீ சொல்லிக்கொடுத்த தமிழை எழுத உட்கார்ந்தால் கை தன் பாட்டுக்கு வேறு பக்கம் போகிறது.

உன்னிடம் ஒரு காரியம் சொல்ல வேண்டும். பத்தாவது முடிந்ததும் எனக்கு மகாராஜாஸ் காலேஜில் ப்ரீடிகிரிக்கு அப்ளை செய்ய வேண்டும். செகண்ட் குரூப். செடி கொடி, தவளை, ஈரல் எல்லாம் படிக்கிற குரூப். கமலாக்ஷி டீச்சரிடம் கேட்டேன். "பாஸாக இருநூற்றிப்பத்து மதி. ஆ காலேஜுக்கு அது போரா மோளே, நானூறெங்கிலும் வேணம், கேட்டோ" என்றார். பாஸாக இருநூற்றிப்பத்து போதும், அந்தக் காலேஜுக்கு அது போதாதாம். அறுநூற்றுக்கு நானூறு! காமாலையில் படுத்ததில் எனக்குப் பாதிப் பாடம் போய்விட்டது. ஆனாலும் ஆசை போகவில்லை.

போன சனிக்கிழமை அப்பா, மூட்டை தூக்குகிற மிளகுக் கிட்டங்கியில் லீவு சொல்லிவிட்டு, என்னைப் போட்டில் ஏற்றி எர்ணாகுளம் கூட்டிப்போனார். வெலிங்டன் தீவில் ஆபீஸ்காரர்கள் ஏறினார்கள். அப்பா அவர்களுக்கு இடம் விட்டு, மூட்டை தூக்குகிறவர்கள் எப்போதும் நிற்கிற மூலையில் போய் நின்றுகொண்டார். காலேஜ் கேட் வரைக்கும் வந்தவர் உள்ளே வரமாட்டேன் என்றார். "எம் மேல மொளகு நாத்தம் அடிக்கும். நீ போயி பாத்துட்டு வா, நா இங்ஙன நிக்கேன்." நான் தனியாகப் போனேன் அக்கா. மரத்தடியில் பெண்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ யார், எங்கே வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "உள்ள எடம் கெடக்கா?" நிறையக் கிடக்கு என்று சொன்னேன்.

அம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. நான் படுத்திருந்தபோது, "தாயே, இவ எந்திரிச்சு பரீச்சை எழுதட்டும், உன் கொடைக்கு இவளையே மொளைப்பாரி எடுக்க வைக்கேன்" என்று உங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். பரீட்சைக்காக நேர்ந்தவள் படிக்காதே என்று எப்படிச் சொல்வாள்?

நீ அப்பாவுக்கு ஒரு வரி எழுது. நீ சொன்னால் அவர் கேட்பார்.

உன் தங்கை,
பேச்சி


ஆலடிப்பொத்தை
27-11-1978

ஏ பேச்சி,

உன் அத்தான் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், கையைக்கூடத் துடைக்காமல் உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். மகாராஜாஸ் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரே கிரீஸ். அப்பாவுக்கு எழுதிவிட்டேன். ஒரு வரி இல்லை, ஒரு பக்கம்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. என்னை எட்டாவதில் நிறுத்திச் சுக்குக் களத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இஞ்சி சீவ உட்கார வைத்தார்கள். நீ அப்போது சின்னப்பிள்ளை. களத்தில் இஞ்சித் தோல் கொட்டிக் கிடக்கும், அதில் உருண்டு விளையாடுவாய். நானும் அந்தப் போட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தக் கேட்டுக்குள் போகலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சரி, சொல்லிவிட்டேன், இனி இந்தப் பேச்சு வேண்டாம். நீ போக வேண்டும். போகாவிட்டால் நானே வந்து உன் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பேன்.

அம்மா நேர்ந்தது நல்லதாகப் போயிற்று. உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறதே. கொடைத் திருவிழா எப்போதும் பங்குனிக் கடைசிச் செவ்வாய்தான், உன் பரீட்சை முடிந்துவிடும். நீ கொச்சியில் வளர்ந்தவள், முளைப்பாரி என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. கொடைக்கு முந்தின செவ்வாய் கோயிலில் பந்தக்கால் நாட்டுவார்கள். அன்றைக்கு மண்சட்டியில் பயறு விதைத்து, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்துக் கும்மி அடிப்போம். கொடையன்று தலையில் வைத்து ஊரைச் சுற்றிவந்து குளத்தில் கரைப்போம். கால் நாட்டிவிட்டால் ஊரில் இருக்கிறவர்கள் எல்லை தாண்டி எங்கேயும் போய்த் தங்கக் கூடாது. தங்கினால் அம்மன் கோபம் அந்த வீட்டு மேலே.

இந்த வருஷம் நானும் எடுக்கிறேன். எதற்கென்று உனக்குத் தெரியும். கல்யாணமாகி நாலு வருஷமாகிவிட்டது. என் மாமியார் அங்கம்மாள் அத்தை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் தெருவில் யார் வீட்டிலாவது தொட்டில் கட்டினால், அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிடுகிறது. நாம் இருவரும் சேர்ந்து பாரி எடுக்கலாம். புதுப் பாவாடை தாவணி தைத்துக்கொண்டு வா.

ஆவுடை


மட்டாஞ்சேரி
21-1-1979

அன்புள்ள அக்கா,

நீ எழுதிய ஒரு பக்கத்தை அப்பா என்னிடம் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "சேத்துடுதேன்னு எழுதிப் போடு" என்றார். மறுநாள் பஜார் ரோடு முழுக்கச் சொல்லிவிட்டார். சாயாக்கடை இஸ்மாயில் காக்கா என்னைக் கண்டால், "காலேஜ் வந்நல்லோ" என்று கிளாஸைத் தட்டுகிறார். இன்னும் பரீட்சையே எழுதவில்லை, எனக்கு மானம் போகிறது.

படிப்பு எப்படி என்று கேட்கிறாயா? அரைப்பரீட்சையில் முந்நூற்றி இருபது. கணக்குதான் காலை வாருகிறது. அது போதாதென்று ப்ரீடிகிரியில் எல்லாம் இங்கிலீஷ். நான் இதுவரைக்கும் மலையாளத்தில் படித்த வேர், இலை, ஈரல், குடல் எல்லாவற்றுக்கும் அங்கே வேறு பெயர். கமலாக்ஷி டீச்சர் பழைய புத்தகம் ஒன்று தந்தார். மீன் வெட்டுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று அம்மா, "லிவரை எடுத்து நாய்க்குப் போடு" என்றாள். பரீட்சை வைத்தால் அவளும் பாஸாவாள்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. வெயில் படாமல் வளர்த்தால் பயிர் வெளுத்துப்போகும் அக்கா. குளோரோஃபில் என்று ஒன்று உண்டு, அதற்கு வெளிச்சம் வேண்டும். அம்மனுக்கு ஏன் வெளுத்த பயிரைக் கொடுக்கிறீர்கள்?

மார்ச் பதினைந்தில் பரீட்சை ஆரம்பம். இருபதாம் தேதி கணக்கு. அது முடிந்து இரண்டு பரீட்சை எழுதிவிட்டு ஓடி வந்துவிடுவேன். தாவணி அரக்குக் கலர் எடுத்தாயிற்று.

பேச்சி


ஆலடிப்பொத்தை
8-2-1979

பேச்சி,

அம்மனுக்கு எது பிடிக்கும் என்று அம்மனுக்குத் தெரியும். உன் குளோரோஃபிலை நீயே வைத்துக்கொள்.

அதை விடு. ஒரு குண்டு விழுந்துவிட்டது. நேற்று ஊர்க்கூட்டத்தில் கொடையை முன்னால் இழுத்துவிட்டார்கள். கரகாட்டமும் நையாண்டி மேளமும் கடைசிச் செவ்வாய்க்குக் கிடைக்கவில்லையாம், பக்கத்து ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்களாம். மேளம் இல்லாமல் கொடை நடத்தினால் மானம் என்னாவது என்று நாட்டாமை குதித்திருக்கிறார். அதனால் மார்ச் இருபதாம் தேதி கொடை. பதிமூன்றாம் தேதி கால்நாட்டு.

உனக்குப் புரிகிறதல்லவா? பயறு விதைக்கப் பதிமூன்றாம் தேதி நீ இங்கே இருக்க வேண்டும். இருந்தால் கொடை முடிகிற வரைக்கும் எல்லை தாண்ட முடியாது. பதினைந்தாம் தேதி உனக்குப் பரீட்சை. பரீட்சை எழுத வைத்ததற்காக எடுக்கிற பாரி, அந்தப் பரீட்சை மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. யாரை நோவது?

ராவெல்லாம் யோசித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது பேச்சி. அம்மா உன் உயிருக்குத்தான் நேர்ந்தாள். அதை மாற்றி ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு உங்களைப் பார்ப்பேன்? செப்டம்பரில் மறுபடி பரீட்சை வைக்கிறார்களே, அப்போது எழுதினால் ஆகாதா? சும்மா கேட்கிறேன். அம்மாவுக்கும் இதைப் படித்துக் காட்டு.

ஆவுடை


மட்டாஞ்சேரி
14-2-1979

அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். முழுக்கப் படித்ததும் அம்மா எழுந்துபோய்ப் பெட்டியை இறக்கினாள். "எம் மூத்த மவளே சொல்லிட்டா. செப்டம்பர்ல எழுதிக்கோ. காமாலை திரும்பி வந்தா ஒங்க டீச்சரா பாப்பா?" என்றாள். அப்பா நாலு நாளாகக் கிட்டங்கியிலேயே கிடக்கிறார். சாமி காரியம் என்றால் அவருக்கு வாய் வராது.

செப்டம்பரில் எழுதுகிறவர்களுக்கு ஜூனில் சீட் கிடையாது அக்கா. ஒரு வருஷம் போகும். ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் நான் சுக்குக் களத்தில் இருப்பேன். அங்கே உட்கார்ந்தவர்கள் யாராவது எழுந்து காலேஜுக்குப் போனார்களா? உனக்குத் தெரியாதா? உனக்குத்தானே நன்றாகத் தெரியும்!

உனக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைத்தாயா? பொறாமையாக இருக்கிறது என்று நீயே எழுதினாய். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

எனக்கும் அம்மனிடம் பயம்தான். ஆனால் நீ எனக்காக ஒரு வார்த்தை பேசுவாய் என்று நினைத்திருந்தேன். இனி எழுதமாட்டேன்.

பேச்சியம்மாள்


ஆலடிப்பொத்தை
24-2-1979

பேச்சிக்கும் அம்மாவுக்கும்,

பேச்சி, இதை அம்மாவுக்குச் சத்தமாக வாசி.

அம்மா, நேற்று வெள்ளிக்கிழமை நானும் அத்தையும் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். பேச்சியே வந்து எடுக்க வேண்டுமென்றால் வெள்ளைப் பூ, அவளுக்குப் பதில் நான் எடுத்தால் போதுமென்றால் சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனி இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டோம். கும்பிட்டுவிட்டு அத்தைதான் தன் கையால் ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. அரளி. பூசாரியும் பார்த்தார். அம்மன் வாக்குக் கொடுத்துவிட்டாள். பேச்சி அங்கேயே இருந்து பரீட்சை எழுதட்டும், அவள் பாரியை நான் எடுக்கிறேன். பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வை. இனி இதில் பேச்சே கிடையாது.

இதோடு அம்மாவுக்கு முடிந்தது. அடுத்த தாள் உனக்கு மட்டும். அவள் அந்தப் பக்கம் போன பிறகு படி.

ஏட்டி பேச்சியம்மாள்! முழுப் பெயர் போட்டுக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குப் பெரிய மனுஷியாகிவிட்டாயா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுத்தொழுவத்தில் போய் நின்று அழுதேன். உன் அத்தான் வந்து, மாடு செத்துவிட்டதா என்று கேட்டார்.

உனக்குக் கிடைக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லையடி. உன்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நீ வருவாய் என்று பானையெல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். அந்த ஆசையில் புத்தி மழுங்கிவிட்டது. பயமும் இருந்தது. ஆனால் நீ சுக்குக் களத்தைப் பற்றிக் கேட்டாயே, அது சரியான கேள்வி. நான் உட்கார்ந்த இடத்தில் நீ உட்காரக் கூடாது.

அதனால் இரண்டு இலையிலும் சிவப்பு அரளியையே கட்டினேன்.

அத்தை ஒன்றை எடுத்துப் பிரித்தாள். இன்னொன்றை நான் எடுப்பதற்குள் அதையும் எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள். ஆற்றில் போடுவாளோ என்னவோ, அதைப் பற்றி இதுவரை மூச்சுவிடவில்லை. நான் அவள் முகத்தையே பார்க்காமல் குனிந்து குனிந்து நடக்கிறேன். பயறு முளைக்காவிட்டால் ஊரே கண்டுபிடித்துவிடும். பரவாயில்லை, அம்மன் என்னைக் கேட்கட்டும், உன்னைக் கேட்கமாட்டாள். நீ கணக்கைப் பார்.

இந்தத் தாளை அடுப்பில் போடு.

ஆவுடை


மட்டாஞ்சேரி
4-3-1979

என் செல்ல அக்காவுக்கு,

அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன்னால் நிறைய அழுதேன், அதனால் தாள் லேசில் பற்றவில்லை. நான் எழுதியதை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. மனசில் வைத்திருந்தால் வரும்போது ஓங்கி ஒரு அறை கொடு, வாங்கிக்கொள்கிறேன்.

முதல் தாளைப் படித்ததும் அம்மா, "ஆவுடையா எடுக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி அந்த இடத்தை வாசிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து பெட்டியை மேலே வைத்துவிட்டு, எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். அப்பா வந்ததும், "அப்போ மகாராஜாஸ் உண்டு இல்லையா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு பாரியை எப்படித் தூக்குவாய்? கழுத்து பத்திரம்.

கணக்கு இப்போது கொஞ்சம் வசப்படுகிறது. டீச்சர் பழைய கேள்வித்தாளை எல்லாம் போட வைக்கிறார். போன வருஷத் தாளில் நூற்றுக்கு அறுபத்தெட்டு வந்தது. கொடையன்று நீ குலவை போடுகிற நேரம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பேச்சி


ஆலடிப்பொத்தை
22-3-1979

பேச்சி,

தொண்டை கட்டிவிட்டது, எழுத மட்டும்தான் முடிகிறது. கொடை முடிந்தது. முளைப்பாரி முழங்கை உயரம் வந்தது. வெளுப்புத்தான், ஆனால் அடர்த்தியோ அடர்த்தி. எங்கள் தெருவில் அப்படி ஒருத்திக்கும் வரவில்லை. கழுத்து பத்திரமாக இருக்கிறது.

குளத்தில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது அத்தை என் கூடவே நடந்தாள். கூட்டம் முன்னால் போகட்டும் என்று மெதுவாகவே வந்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பொட்டலத்த நா அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்." நான் நின்றுவிட்டேன். அவள் நடந்துகொண்டே பேசினாள். "எங்கிட்ட கேட்டிருந்தா நானே செவப்பு குடுத்திருப்பேனே. அம்மன எதுக்குட்டி இதுல இழுத்த?"

வீட்டுக்கு வந்ததும் என் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இந்த நாலு வருஷத்தில் நான் அவளைத் தெரிந்துகொள்ளவே இல்லை பேச்சி.

கணக்கு எப்படி? அதை எழுது முதலில்.

ஆவுடை


மட்டாஞ்சேரி
19-6-1979

அக்கா,

ரிசல்ட் வந்ததும் தந்தி அடித்தோமே, கிடைத்திருக்கும். நானூற்றிப் பன்னிரண்டு. கணக்கில் எழுபத்தொன்று! இன்றைக்கு மகாராஜாஸில் லிஸ்ட் போட்டார்கள். செகண்ட் குரூப்பில் என் பெயர் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. புக்கைக் கொடுத்து ஃபீஸ் கட்டிவிட்டு வந்தோம். இந்தத் தடவை அப்பா கேட்டுக்கு உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, காலையிலேயே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்திருந்தார். போட்டில் திரும்பும்போது நடு சீட்டில் உட்கார்ந்துகொண்டார், யாருக்கும் இடம் விடவில்லை. இஸ்மாயில் காக்கா கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அப்பா கணக்கில் சாயா.

இதையெல்லாம் சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் போட்டில் வரும்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், அடுத்த கொடைக்குள் அக்காவுக்குப் பிள்ளை பிறந்துவிடும் பார், அவளும்தான் பாரி எடுத்தாளே என்றேன். அம்மா என்னையே பார்த்தாள். "அவ எங்கட்டி எடுத்தா? ஒரு வருசத்துக்கு ஒருத்திக்கு ஒரு பாரிதான். ஒரு வேண்டுதல்தான். அவ வயித்துக்கு எடுக்க வேண்டியத ஒனக்கு எடுத்துட்டா" என்றாள்.

அம்மாவிடம், உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். கடிதம் வாசித்த அன்றைக்கே தெரியுமாம். அந்த ஊரிலேயே பிறந்தவளுக்கு அந்த வழக்கம் தெரியாதா? ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அம்மா நிதானமாகக் கேட்டாள், "சொல்லியிருந்தா நீ பரீச்சை எழுதியிருப்பியா?"

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை அக்கா. உனக்கு நான் பொய் எழுதமாட்டேன். தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன். அழுதுகொண்டே போய்க் கணக்குப் போட்டிருப்பேன். நீ கொடுத்ததை வேண்டாம் என்று சொல்கிற நல்ல மனசு எனக்கு இல்லை. சீட்டு எனக்கு வேண்டும், நீ நாலு வருஷமாகக் காத்திருந்தாய் என்று தெரிந்தும் வேண்டும். அம்மாவும் அதைப் புரிந்துகொண்டுதான் சொல்லாமல் இருந்திருக்கிறாள். தெரிந்தே எழுதினேன் என்ற பாரம் எனக்கு வேண்டாம், நான் பாவம் என்று நினைத்திருக்கிறாள்.

நீ என்னைத் திட்டவும் மாட்டாய். அதுதான் தாங்கவில்லை.

காலேஜ் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கு ராத்திரி அப்பா என்னை ரயிலேற்றிவிடுகிறார். கொல்லத்தில் வண்டி மாறி வருகிறேன், அத்தானை ஸ்டேஷனுக்கு வரச் சொல். இந்தக் கடிதமும் நானும் ஒன்றாக வந்து சேர்ந்தாலும் சேருவோம். பதில் எழுத உட்காராதே. உன் மடியில் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

பேச்சி